துயரத்தில் பங்கேற்கும் எம்.கே. கம்ப்யூட்டர்ஸ்

பாளையங்கோட்டையில் எம்.கே. கம்ப்யூட்டர்ஸ் என்ற பெயர் தெரியாத ஆள் இன்றைக்குக் கிடையாது. சமாதானபுரத்தில் கேட்டாலும் சொல்வார்கள், ஆற்றைத் தாண்டி டவுனில் கேட்டாலும் சொல்வார்கள். கடைக்காரன் மாடக்கண்ணுவின் நம்பர் ஊரில் பாதிப் பேர் போனில் பதிந்து கிடக்கிறது. புதுசாகக் கடை போட்ட ஒருத்தனுக்கு இதைவிட வேறென்ன வேண்டும் என்று நீங்கள் கேட்பீர்கள். என்னிடம் கேளுங்கள், பரவாயில்லை. அந்தப் பாவப்பட்ட மனுசனிடம் போய்க் கேட்டுவிடாதீர்கள்.

மாடக்கண்ணு நாங்குநேரிப் பக்கத்துக்காரன். சென்னையில் எட்டு வருசம் ஊரான் கடையில் கம்ப்யூட்டர் கழற்றி மாட்டினான். பெண்பிள்ளைக்கு நாலு வயசு ஆனதும், போதும்டா சாமி என்று குடும்பத்தோடு பாளையங்கோட்டைக்கு வந்து மார்க்கெட் பக்கம் ஒரு சின்னக் கடையைப் பிடித்தான். கை சுத்தம், வேலை சுத்தம். செத்துப்போச்சு என்று மூன்று பேர் கைவிட்ட கம்ப்யூட்டரைக் கூட எழுப்பி உட்கார வைத்துவிடுவான். ஆனால் அவன் அங்கே இருக்கிறான் என்பது யாருக்குத் தெரியும்? மூன்றாவது கடை தள்ளி இருந்த பல் டாக்டரே, தன் கம்ப்யூட்டர் கெட்டதும் அதை ஆட்டோவில் ஏற்றி ஜங்ஷனுக்கு அனுப்பினார். மாடக்கண்ணு கடை வாசலில் நின்று அந்த ஆட்டோவைப் பார்த்தான். வேறென்ன செய்ய?

அவன் மனைவி முத்துராணி மருந்துக்கடையில் வேலை பார்த்தாள். வீடு ஓடியது அவள் சம்பளத்தில். முத்துராணியின் அண்ணன் செந்தூர்பாண்டி மஸ்கட்டில் ஒரு குடோனைப் பார்த்துக்கொள்கிறான். அவன் மச்சானுக்கு ஒரு விசாவுக்குச் சொல்லி வைத்துவிட்டான். "தை பத்தாம் தேதிக்குள்ள ஒரு வார்த்தை சொல்லிருங்க மச்சான். ரெண்டு வருசம் கண்ணை மூடிக்கிட்டு இருந்துட்டு வந்திரலாம்" என்றான். ரெண்டு வருசம். மகள் மதுமதிக்கு அப்போது ஐந்து வயது. அப்பனின் காது மடலைப் பிடித்துக்கொண்டால்தான் அவளுக்குத் தூக்கம் வரும். அந்தக் காதைத் தூக்கிக்கொண்டு மஸ்கட்டுக்குப் போவதா? தைக்குள் கடையை நிமிர்த்திவிட வேண்டும், அவ்வளவுதான். அவன் தலைக்குள் வேறு ஒன்றும் ஓடவில்லை.

விளம்பரம் செய்யத் துட்டு கிடையாது. துட்டில்லாமல் விளம்பரம் செய்வது எப்படி என்று போனில் ஒரு சென்னைக்காரன் பேசிய வீடியோவை நான்கு தடவை பார்த்தான். நோட்டீஸ் அடித்து பேப்பருக்குள் வைத்தான். மறுநாள் சாயங்காலமே அது வடையோடு அவன் கைக்குத் திரும்பி வந்தது. வாட்சப்பில் தினமும் ஸ்டேட்டஸ் போட்டான். அதைத் தவறாமல் பார்த்த ஒரே ஜீவன் செந்தூர்பாண்டி. மேப்பில் கடையைப் பதிந்தபோது இவனே விரலை மாற்றி வைத்ததில், புள்ளி மீன் கடைகளுக்கு நடுவில் போய் விழுந்தது. ஒரு அம்மா போன் போட்டு நெத்திலி இருக்கா என்று கேட்டாள். ஆட்டோக்களின் முதுகில் ஸ்டிக்கர் ஒட்டினான். மழை வந்தது, ஸ்டிக்கர் போச்சு.

அந்த நேரத்தில்தான் எதிர்த்த டீக்கடை முப்பிடாதி அண்ணாச்சி செத்துப்போனார். வைகாசி மாதம், ஞாயிற்றுக்கிழமை. காலையில் பாலைக் காய்ச்சினவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார், உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. நம் ஊரில் ஒரு மனுசன் போனால் சுவரில் போஸ்டர் ஒட்டாமல் எடுக்க மாட்டார்கள், தெரியுமே. கண்ணீர் அஞ்சலி, மேலே போட்டோ, தோற்றம், மறைவு, கீழே வருந்தும் ஆட்கள் பெயர். டீக்கடைக்காரரின் மகன் போஸ்டருக்கு ஓடிய இடம் பக்கத்துச் சந்தில் பெனோ என்பவனின் பிரஸ். அங்கே பார்த்தால் பெனோவின் கம்ப்யூட்டர் முந்தின நாளே படுத்துவிட்டது. பெனோ மாடக்கண்ணுவை அழைத்துவந்தான். டிஸ்க் போயிருந்தது, புதுசு வாங்காமல் எழுப்ப முடியாது. சாயங்காலம் நாலு மணிக்கு எடுக்கிறார்கள்.

"நானே என் லேப்டாப்ல செஞ்சு தாரேன்" என்றான் மாடக்கண்ணு. தினமும் அவர் கையால் டீ குடித்தவன்.

வீட்டில் கிடைத்த போட்டோ ஒரு கல்யாணத்தில் எடுத்தது. அண்ணாச்சி பின்வரிசையில், முகத்தில் பாதியை ஒரு பெண்ணின் பூ மறைக்க, கண்ணை மூடிக்கொண்டு நிற்கிறார். மாடக்கண்ணு ரேஷன் கார்டு போட்டோவிலிருந்து கண்ணை எடுத்தான், இன்னொரு படத்திலிருந்து மறுபாதி முகத்தை எடுத்தான். சட்டைக் காலரைச் சரிசெய்து, திருநீற்றைப் பளிச்சென்று ஆக்கி, மூன்று மணி நேரத்தில் ஆளை எழுப்பி நிறுத்திவிட்டான். அண்ணாச்சியின் மகன் அதைப் பார்த்துவிட்டுத் தரையில் உட்கார்ந்து அழுதான். துட்டு எவ்வளவு என்று கேட்டதற்கு மாடக்கண்ணு காதைப் பொத்திக்கொண்டான். எழவு வீட்டில் கைநீட்டி வாங்குகிற வழக்கம் அவன் குடும்பத்தில் இல்லை.

பெனோதான் அந்த யோசனையைச் சொன்னான். "துட்டு வேண்டாம்னா போவுது. கீழ உன் கடை பேரைப் போட்டுக்கோடே. ஊரு பூரா ஒட்டப்போறாவ. உனக்கு ஓசி விளம்பரம்லா?"

மண்டையில் மூளை உள்ளவன் யாராவது இதற்குத் தலையாட்டுவானா? இவன் ஆட்டினான். ஆட்டியதோடு நிற்காமல், தானே உட்கார்ந்து வாசகம் வேறு எழுதினான். "துயரத்தில் பங்கேற்கும் எம்.கே. கம்ப்யூட்டர்ஸ். வீட்டுக்கே வந்து சரிசெய்து தரப்படும்." அதற்கடியில் போன் நம்பர்.

முருகன்குறிச்சி, வண்ணாரப்பேட்டை ரவுண்டானா, ஜங்ஷன் பாலத்துச் சுவர் என்று முப்பிடாதி அண்ணாச்சி எங்கே பார்த்தாலும் சிரித்தார். மறுநாள் காலையிலேயே மாடக்கண்ணுவின் போன் அடித்தது. அவனுக்கு மனசு குதித்தது. எடுத்தால் எதிர்முனையில் அழுகை.

"தம்பி, டீக்கடை அண்ணாச்சியை உசிரோட பாக்குத மாதிரி செஞ்சிருந்தியளாமே. எங்க மாமாவுக்கும் அப்படி ஒண்ணு செஞ்சு தரணும்."

செய்து கொடுத்தான். எப்படி முடியாது என்பான்? அதற்கடுத்த வாரம் ரெண்டு, ஆனியில் ஏழு. ஆடி மாதம் மழையும் காற்றுமாக வயசாளிகளை வாரிக்கொண்டு போனது, அப்போது அவனுக்குச் சோறு தின்ன நேரமில்லை. ஒவ்வொன்றிலும் கீழே கடைப்பெயர். துக்கம் தணிந்ததும் இவர்கள் வீட்டில் கம்ப்யூட்டர் கெட்டால் நம்மைத்தானே கூப்பிடுவார்கள் என்று அவன் முத்துராணியிடம் கணக்குச் சொன்னான்.

"அவங்க வீட்டுல கம்ப்யூட்டர் கெட்டா உங்க பேரு ஞாபகம் வருமா? எனக்கே உங்க போன் அடிச்சா யாரு போனாவளோன்னுதான் இருக்கு" என்றாள் அவள்.

மாடக்கண்ணு அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஆனால் ஐப்பசியில் பெருமாள்புரத்தில் ஒரு காரியம் நடந்தது. அதற்குப் பிறகு அவனால் காதில் போட்டுக்கொள்ளாமல் இருக்க முடியவில்லை.

சென்னையிலிருந்து மகேஸ்வரன் என்று ஒருத்தர் பேசினார். பெருமாள்புரத்தில் அவருடைய அம்மா பிரம்மநாயகி இருக்கிறார், வீட்டுக் கம்ப்யூட்டரும் பிரிண்டரும் ஓடவில்லை, ஆஸ்பத்திரிப் பேப்பர்களை அனுப்ப வேண்டும், உடனே போய்ப் பாருங்கள் என்றார். அழுகையே இல்லாத ஒரு போன்! மாடக்கண்ணு கடையை அப்படியே சாத்திவிட்டு, கருவிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வண்டியை விரட்டினான். மகேஸ்வரனின் அப்பா மூன்று நாளாக ஆஸ்பத்திரியில் கிடக்கிறார் என்பது அவனுக்குத் தெரியாது. கம்ப்யூட்டர் சரிசெய்ய ஆள் வரும் என்று அம்மாவிடம் சொல்ல மகன் மறந்துபோனதும் தெரியாது.

கதவைத் திறந்தது பிரம்மநாயகிதான். அறுபது வயசு இருக்கும். பிளாஸ்கும் மாற்று வேட்டியுமாக ஆஸ்பத்திரிக்குக் கிளம்பி நின்றார்.

"அம்மா, நான் எம்.கே. கம்ப்யூட்டர்ஸ்..."

அதற்குமேல் அவனுக்குச் சொல்ல வாய்க்கவில்லை. பிளாஸ்க் கீழே விழுந்தது. அந்த அம்மா ஒரு நிமிசம் அவன் பையைப் பார்த்தார், அவன் முகத்தைப் பார்த்தார், அப்படியே நிலையைப் பிடித்துக்கொண்டு சரிந்தார்.

"ஐயோ, போட்டோ கேட்டு வந்துட்டானே! என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லாம போட்டோ கேட்டு ஆளை விட்டுட்டாவளே!"

"அம்மா, இல்லம்மா! பிரிண்டர் பாக்க வந்தேன்! உங்க மகன்தான் அனுப்புனாரு!"

யார் கேட்டார்கள்? தெருவே ஓடிவந்தது. பக்கத்து வீட்டுப் பெண்கள் அந்த அம்மாவைக் கட்டிக்கொண்டு குரல் எடுத்தார்கள். ஒருத்தர் நாற்காலி போட ஓடினார், இன்னொருத்தர் சொந்தக்காரர்களுக்குப் போன் போட்டார். மாடக்கண்ணு ஒவ்வொருத்தரிடமும் போய்க் கையெடுத்துக் கும்பிட்டுச் சொன்னான். அவன் கும்பிடக் கும்பிட, விசயம் உறுதிதான் என்று அவர்கள் இன்னும் சத்தமாக அழுதார்கள். கடைசியில் ஒரு பையன் ஆஸ்பத்திரிக்கே பேசி, மனுசன் இட்லி தின்றுகொண்டிருக்கிறார் என்று கேட்டுச் சொன்ன பிறகுதான் சத்தம் அடங்கியது. அடங்கியதும் எல்லாரும் மாடக்கண்ணுவைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"உமக்கு வேற வீடு கெடைக்கலையாவே? பைய நடையைக் கட்டும்" என்றார் நாற்காலி கொண்டுவந்தவர்.

அவன் பிரிண்டரைப் பார்க்காமலே திரும்பினான். வழியில் வண்டியை நிறுத்திவிட்டு, ஒரு வேப்பமரத்தடியில் கொஞ்ச நேரம் நின்றான். தான் என்ன தப்புச் செய்தோம் என்று அவனுக்கு உண்மையிலேயே விளங்கவில்லை. அழுகை மட்டும் வந்தது.

இந்தச் சேதி ஊருக்குள் நடந்த வேகத்துக்கு அவன் ஒட்டிய ஸ்டிக்கர் ஒன்றாவது நடந்திருந்தால் கடை என்றைக்கோ நிமிர்ந்திருக்கும். அதன்பிறகு யாரும் அவனை வீட்டுக்குள் விடவில்லை. கம்ப்யூட்டரை வாசலுக்குக் கொண்டுவந்து வைத்த வீடு ரெண்டு. "நீங்க வராதீங்க, நாங்களே கொண்டாந்து தாரோம்" என்று சொல்லிக் கடைசிவரைக்கும் கொண்டுவராத வீடு பத்து.

மிச்சமிருந்தது ஒரே ஒரு வாசல். டவுன் ரத வீதியில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் ஞானசம்பந்தன் அண்ணாச்சி. ஒரு காலத்தில் ஆற்றுப் பாசனத்தில் ஏகப்பட்ட வயல் வைத்திருந்த குடும்பம். இப்போது ஜவுளி. போன வருசத் தீபாவளிக் கூட்டத்தில் அவர் கடையின் பில் போடும் கம்ப்யூட்டர்கள் அத்தனையும் ஒரே நேரத்தில் நின்றபோது, யாரோ கைகாட்டி மாடக்கண்ணு போய் அரைமணி நேரத்தில் ஓடவிட்டான். அண்ணாச்சி அதை மறக்கவில்லை. மூன்று கடையிலும் சேர்த்து முப்பத்திரண்டு கம்ப்யூட்டர். வருசம் முழுக்கப் பார்த்துக்கொள்ள ஒரு ஆள் தேவை. அந்த ஒன்று கிடைத்தால் போதும், விசாவும் வேண்டாம், மஸ்கட்டும் வேண்டாம்.

கார்த்திகையில் அண்ணாச்சி கூப்பிட்டுவிட்டார். மாடக்கண்ணு இஸ்திரி போட்ட சட்டையோடு போனான். அண்ணாச்சி காப்பி வரவழைத்தார், ஊர்ப்பேச்சுப் பேசினார். விசயத்துக்கு வர மட்டும் அவருக்கு வாய் வரவில்லை.

"உன் வேலையில ஒரு குத்தம் சொல்ல முடியாதுடே. எனக்கு உன்னை விட்டா ஆளு கெடையாது. ஆனா ஒண்ணு."

"சொல்லுங்க அண்ணாச்சி."

"மெயின் கம்ப்யூட்டரு நம்ம வீட்டு மாடியிலதான் இருக்கு. பக்கத்து ரூம்புல அப்பா படுத்திருக்காவ. எண்பத்தெட்டு வயசு. போன மாசம் வரைக்கும் தினம் காலையில கோயிலுக்கு நடந்து போயிட்டு, வழியில ஒரு போஸ்டர் பாக்கி இல்லாம நின்னு வாசிச்சிட்டு வருவாவ. உன் கடை பேரு அவுகளுக்கு மனப்பாடம். நேத்து உன் பேரைச் சும்மா சொன்னேன். 'அந்தப் பயலுக்குச் சொல்லியாச்சா, எனக்கு நேரம் வந்துட்டா'ன்னு கேட்டுட்டு, ராத்திரிச் சாப்பாட்டைத் தொடல." அண்ணாச்சி துண்டால் முகத்தைத் துடைத்தார். "நீயே சொல்லு. உன்னை எப்படி நான் மாடி ஏத்துவேன்?"

மாடக்கண்ணு பாதி குடித்த காப்பியைத் தள்ளி வைத்தான்.

"அப்பா காலத்துக்கு அப்புறம் உனக்குத்தான்டே. இது என் வாக்கு. அதுவரைக்கும் கொஞ்சம் பொறுத்துக்கோ."

வீட்டுக்கு வந்து முத்துராணியிடம் அப்படியே சொன்னான். அவள் இட்லி மாவைக் கரைத்துக்கொண்டே கேட்டாள். கேட்டு முடித்ததும், "தை பத்துக்கு இன்னும் அம்பது நாளு இருக்கு. அந்தப் பெரியவருக்கு இப்ப எப்படி..." என்று ஆரம்பித்தவள் சட்டென்று நாக்கைக் கடித்துக்கொண்டாள். ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்க்கவில்லை. அவள் கேட்க வந்ததைத்தான் அவனும் டவுனிலிருந்து வருகிற வழி பூராவும் கணக்குப் போட்டுக்கொண்டு வந்தான். எண்பத்தெட்டு வயசு, சாப்பாடு இறங்கவில்லை, பனிக்காலம் வேறு. ஒரு மனுசன் சாவதற்கு நாள் எண்ணுகிற இடத்துக்குத் தன்னைக் கொண்டுவந்து நிறுத்தியது எது என்று நினைத்தபோது அவனுக்குத் தன்மேலேயே காறித் துப்ப வேண்டும்போல இருந்தது.

மறுநாள் பெனோவிடம் போனான். "இனிமே போஸ்டர்ல என் பேரு வேண்டாம். படம் வேணும்னா செஞ்சு தாரேன். பேரை எடுத்திரு."

பெனோ எடுத்தான். அடுத்து வந்தது சத்தியநேசன் என்ற ரிட்டயர்டு தலைமையாசிரியர். பேர் இல்லாமல் போஸ்டர் ஒட்டியாயிற்று. மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு அவருடைய மகள் சாலோமி, அழுது வீங்கிய முகத்தோடு கடை வாசலில் வந்து நின்றாள். பின்னால் நான்கு ஆம்பிளைகள்.

"எங்க அப்பா உங்களுக்கு என்ன கெடுதல் செஞ்சாவ?" என்றாள்.

மாடக்கண்ணுவுக்கு ஒன்றும் புரியவில்லை. "என்னக்கா சொல்லுதிய?"

"டீக்கடைக்காரருக்குத் துயரத்துல பங்கெடுத்திய. மார்க்கெட்ல மூட்டை தூக்குனவருக்குப் பங்கெடுத்திய. நாப்பது வருசம் இந்த ஊருப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்த மனுசனுக்கு மட்டும் உங்க பேரு இல்ல. பாத்தவங்க எல்லாம், ஏன் எம்.கே. கம்ப்யூட்டர்ஸ் போடலன்னு கேக்காவ. நாங்க என்ன பதில் சொல்ல? எங்க அப்பா அவ்வளவு கொறஞ்சு போயிட்டாவளா?"

அவள் கேட்டதில் பொய் இல்லை. அவனுடைய ஓசி விளம்பரத்தை ஊர் ஒரு மரியாதையாகவே ஆக்கி வைத்திருந்தது. அந்த வரி இல்லாவிட்டால் போன ஆளுக்கு ஏதோ குறை. மாடக்கண்ணு இல்லையென்று சொல்ல வாயெடுத்தான். அந்தப் பெண்ணின் வீங்கிய முகத்தைப் பார்த்தான். லேப்டாப்பைத் திறந்து, "துயரத்தில் பங்கேற்கும்" என்று மறுபடியும் அடித்தான். ஏற்கெனவே ஒட்டியதன்மேல் புதுசை ஒட்டினார்கள். அத்தோடு பேரை எடுக்கிற எண்ணம் போயிற்று.

மார்கழி ஐந்தாம் தேதி, விடிந்தும் விடியாமலும் போன் அடித்தது. கோயில் ஸ்பீக்கரில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. போனில் அண்ணாச்சியின் பெயர் தெரிந்த அந்தக் கணத்தில் மாடக்கண்ணுவின் நெஞ்சுக்குள் முதலில் வந்தது சந்தோசம்தான். மறைப்பதற்கு என்ன இருக்கிறது? வந்தது. வந்த வேகத்தில் அவனைக் கொன்று போட்டது. தூங்குகிற மகளைப் பார்க்கக்கூட அவனுக்குக் கூசியது.

"அப்பா போயிட்டாவடே" என்றார் அண்ணாச்சி. குரல் சின்னப் பிள்ளையின் குரலாக இருந்தது. "உன் கையால செஞ்சாத்தான் எனக்கு மனசு ஆறும்."

அன்றைக்கு அவன் செய்ததுபோல அதற்கு முன்னும் செய்ததில்லை, பின்னும் செய்ததில்லை. பெரியவர் கோயிலுக்கு நடந்துபோகிற ஒரு பழைய படத்தைத் தேடி வாங்கினான். நரையை ஒவ்வொரு முடியாகப் பிரித்தான். கண்ணில் ஒரு சின்ன வெளிச்சம் வைத்தான். அதைச் செய்யும்போதெல்லாம், ஐயா என்னை மன்னிச்சிருங்க, நாளை எண்ணிட்டேன் ஐயா, என்று முணுமுணுத்துக்கொண்டே இருந்தான். அண்ணாச்சி அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு அவன் ரெண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "அப்பாவை அப்படியே கொண்டாந்து நிறுத்திட்டியேடே" என்று ஊர் பார்க்க அழுதார். மாடக்கண்ணுவும் அழுதான். அவன் எதற்கு அழுதான் என்று அவனைத் தவிர யாருக்கும் தெரியாது.

பதினாறாம் நாள் காரியம் முடியட்டும் என்று பொறுத்தான். முடிந்து மூன்று நாள் கழித்து டவுனுக்குக் கிளம்பினான். முத்துராணி அவன் சட்டைப் பையில் திருநீற்றுப் பொட்டலம் ஒன்றை மட்டும் வைத்துவிட்டாள். தை பத்துக்கு இருபது நாள்கூட இல்லை. செந்தூர்பாண்டி தினமும் கேட்டுக்கொண்டிருந்தான்.

ஜவுளிக்கடையில் தைக் கல்யாணக் கூட்டம். ஒரு பெரிய குடும்பம் முகூர்த்தப் பட்டை விரித்துப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தது. மாடக்கண்ணு படி ஏறியதும், சேலை எடுத்துப்போட்டுக்கொண்டிருந்த கடைப் பெண்கள் ஒவ்வொருத்தியாக எழுந்து நின்றார்கள். ஒருத்தி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். கல்யாணப் பெண்ணின் தாயார், "யாரு இவுக?" என்று கேட்க, பக்கத்தில் இருந்தவள் காதோடு ஏதோ சொன்னாள். விரித்த சேலையை அந்த அம்மா பட்டென்று மூடினார். சரியாக இல்லை, இன்னொரு நாள் வருகிறோம் என்று எழுந்துவிட்டார்கள்.

அண்ணாச்சி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். அவர் கோபப்பட்டிருந்தால்கூட மாடக்கண்ணு தாங்கியிருப்பான். அவர் எழுந்து வந்து அவன் தோளில் கை போட்டு, உள்ளே பில் போடுகிற அறைக்குக் கூட்டிப்போனார். அங்கே ஒரு புதுப் பையன் கம்ப்யூட்டர் ஒன்றைக் கழற்றிக்கொண்டிருந்தான். மாடக்கண்ணுவுக்கு அப்போதே விளங்கிவிட்டது.

"உனக்குக் கொடுத்த வாக்கு எனக்கு மறக்கலடே" என்றார் அண்ணாச்சி. "நீ செஞ்ச படத்தை மாட்டி வச்சிருக்கேன். காலையில அதைத்தான் கும்பிடுதேன். ஆனா உன்னைப் பாத்ததும் எனக்கு நெஞ்சை அடைக்கி. அன்னைக்குக் காலையில போன்ல உன் நம்பரைத் தேடுனேன் பாரு, அதுதான் கண்ணுக்கு முன்னால வருது. மாசத்துக்கு நாலு தடவை உன் முகத்தைப் பாக்க எனக்குத் தெம்பு இல்லடே. நீ தப்பா நெனைக்காத."

"இல்ல அண்ணாச்சி."

"வேற பொழப்பு ஏதும் பாத்து வச்சிருக்கியா?"

"மச்சான் மஸ்கட்டுக்குக் கூப்பிடுதான். தை பத்துக்குள்ள பதில் சொல்லணும்."

அண்ணாச்சிக்கு அது நிஜமாகவே கவலையாகிவிட்டது. அவன் கையைப் பிடித்து, பக்கத்தில் இருந்த பையனுக்குக் கேட்காமல் மெல்லச் சொன்னார்.

"போறதுன்னா போயிட்டு வா. ஆனா அங்கன போயி நம்பரை மட்டும் மாத்திராதடே. போட்டோவை வாட்சப்புல அனுப்பினா செஞ்சு தந்திருவேல்லா? அம்மா இருக்காவ."

மாடக்கண்ணு சரி என்று தலையாட்டினான்.